படத்தின் வலது ஓரத்தில் ஒரு பாலம்

படத்துக்குக் கீழே 11.42 என்று இருந்தது. அது இங்கிலாந்து நேரம். குளிர்காலத்தில் அவர்கள் எங்களைவிட நான்கு மணி நேரம் பின்னால் இருப்பார்கள். ஆகவே துபாயில், அல் குசைஸில், அப்போது வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாற்பத்திரண்டு.

அந்த நிமிடத்தில் நான் கிளினிக்கில் ஒரு பெரியவருக்கு ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்தபோது நாலரை தாண்டியிருந்தது. ஜெனி இல்லை. தோழி வீட்டில் புராஜெக்ட் செய்யப் போவதாகச் சொல்லியிருந்தாள். தோழியின் அம்மாவைக் கூப்பிட்டேன். ஜெனி அங்கே வரவேயில்லை என்றார். ஜெனியின் போன் அணைந்திருந்தது.

அவள் லேப்டாப் மேசைமேல் திறந்தபடி இருந்தது. திரையில், அவள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் குழுவின் பக்கம். அதில்தான் அந்தப் படம். என் மகள் மஞ்சள் டீ-சர்ட்டில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் தண்டவாளம். அதற்கப்பால் மணல். படத்தின் வலது ஓரத்தில், தூரத்தில், சின்னதாக ஒரு பாலம்.

கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: ‘இது என் முதல் படம். வண்டி இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.’

போன வாரம் இந்தத் தொடரில் நான் வளைகுடாவுக்கு வந்து இறங்கிய முதல் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் விடுகிறேன். இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எழுத உட்கார்ந்தால் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது.

ஒரு துண்டு குறைந்த படம்

முதலில் அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் ஏன் ஒரு வேலியோரம் போய் நின்றாள் என்பது யாருக்கும் புரியாது.

எங்கள் கிளினிக்கில் இங்கிலாந்துக்காரப் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். வேலையை விட்டுப் போகும்போது அறையைக் காலி செய்தார். வேண்டாதவற்றை ஒரு மேசைமேல் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மற்ற நர்சுகள் காபி கப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் தாமதமாகப் போனேன். எனக்கு மிஞ்சியது, துண்டு துண்டாக இருக்கும் அட்டைகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டுப் பெட்டி. ஆயிரம் துண்டு. கடலோரம் ஒரு ஸ்டேஷன், பச்சை நிற நீராவி என்ஜின், வெள்ளைப் புகை.

ஜெனிக்கு அப்போது பதினொரு வயது. அவள் பிறந்தது இங்கே. மெட்ரோவைத் தவிர அவள் தினமும் பார்க்கக்கூடிய ரயில் எதுவும் கிடையாது. லீவுக்கு ஊருக்குப் போனாலும் திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து குளச்சலுக்குக் காரில் போய்விடுவோம். இருபது நாள் தரையில் குப்புறப் படுத்து அந்த ஆயிரம் துண்டையும் சேர்த்தாள். கடைசியில் ஒரு துண்டு இல்லை. என்ஜினின் முகத்தில், புகைபோக்கிக்கு அடியில், ஒரு ஓட்டை.

சோபாவைப் புரட்டினோம். வேக்வம் கிளீனர் பையைக் கொட்டிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அந்த ஓட்டையில் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நெட்டில் தேடினாள். அப்படித்தான் பழைய பிரிட்டிஷ் ரயில் படங்களைப் பகிர்ந்து பேசும் அந்தக் குழுவில் போய் விழுந்தாள். ‘என் படத்தில் ஒரு துண்டு குறைகிறது. புகைபோக்கிக்கு அடியில் என்ன இருக்கும்?’ என்று கேட்டாள்.

பதினொரு வயதுக் குழந்தையின் கேள்வி. நானாக இருந்தால் பதில் போட்டிருக்க மாட்டேன். அவர்கள் அன்று மாலைக்குள் ஆறு பேர் போட்டார்கள். அங்கே ஒரு வெள்ளை விளக்கு இருக்கும் என்றார்கள். என்ஜின் முகத்தில் விளக்கு எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் அது எந்த மாதிரி வண்டி என்று சிக்னல்காரர் தெரிந்துகொள்வாராம். புகைபோக்கிக்கு அடியில் ஒற்றை விளக்கு என்றால் எல்லா ஊரிலும் நின்று போகும் வண்டி. கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்றால் எக்ஸ்பிரஸ்.

ஜெனி ஒரு வெள்ளைத்தாளில் விளக்கு வரைந்து, வெட்டி, ஓட்டையில் ஒட்டினாள். அது இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அது நின்று நின்று போகும் வண்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பெரிலின் செருப்புப் பெட்டிகள்

அந்தக் குழுவில் பெரும்பாலும் வயதான ஆண்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், பார்க்க ஆசைப்பட்டவர்கள். ஒரு படம் வந்துவிட்டால் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். என்ஜின் நம்பர் தெரியாது, ஊர் தெரியாது, வருஷம் தெரியாது. ஒருவர் நிழலின் நீளத்தைப் பார்த்து மணி சொல்வார். ஒருவர் மரத்தில் இலை இருக்கிறதா என்று பார்த்து மாதம் சொல்வார். பெட்டியின் வண்ணத்தைப் பார்த்து இன்னொருவர் வருஷத்தை நெருங்குவார். ‘உங்களை மறுப்பதற்கு மன்னிக்கவும், ஆனால்…’ என்றுதான் ஒவ்வொரு சண்டையும் தொடங்கும்.

நோயாளியின் நாக்கையும் நகத்தையும் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடும் டாக்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அதே பார்வைதான் இது. டியூட்டி முடிந்து வந்து ஜெனியின் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படிக்கத் தொடங்கினேன்.

அவர்களில் பெரில் என்று ஒரு அம்மா. அவருக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரயில் பைத்தியம் அவருடைய கணவருக்குத்தான். அவர் இறந்த பிறகு ஒன்பது செருப்புப் பெட்டிகள் நிறைய ஸ்லைடுகள், அட்டைச் சட்டத்தில் பதித்த சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள், மிஞ்சின. பெரில் ஒரு ஸ்கேனர் வாங்கினார். தினமும் நாலு ஸ்லைடை அதில் வைத்து எடுத்து, குழுவில் போட்டு, ‘இது என்னவென்று யாராவது சொல்லுங்கள்’ என்பார். ஐம்பது வருஷம் தன்னோடு வாழ்ந்தவர் சனிக்கிழமைகளில் எங்கே போயிருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது என்று ஒருமுறை எழுதினார்.

எனக்கு முதலில் பெரில்மேல் சந்தேகம். பெண் பெயரில் யாரோ ஓர் ஆண் என் பிள்ளையிடம் பேசுகிறானோ என்று. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று ஜெனியிடம் சொன்னேன். அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனாலும் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த ஆப்பில் ஒரு சனிக்கிழமை பெரிலைக் கூப்பிட்டாள். திரையில் முதலில் ஒரு காது தெரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி போட்ட ஒரு முகம், ஒரு பூனை, அப்புறம் ஒன்பது செருப்புப் பெட்டிகள். பெற்றவள் அப்படிச் சந்தேகப்படத்தான் வேண்டும் என்றார் என்னிடம். தன் போன் நம்பரையும் கொடுத்தார்.

பித்தான்

ஒருமுறை பெரில் போட்ட படத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். சின்ன ஸ்டேஷன், ஒற்றைத் தண்டவாளம், என்ஜின், பிளாட்பாரத்தில் பார்சலோடு ஒரு போர்ட்டர். பின்னால் இடப்பக்கம் ஒரு குன்று. எந்த ஊர்? மூன்று வாரம் பேசினார்கள். ஒருவர் பழைய வரைபடங்களை எடுத்தார். ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இரண்டு ஊர்களை நேரில் பார்த்துவிட்டு வந்தார். குன்று இடப்பக்கம் இருக்கிற மாதிரி ஒரு ஸ்டேஷனும் அகப்படவில்லை.

அந்தச் சமயம் ஆன்றோ லீவில் வந்திருந்தார். ஆன்றோ என் கணவர். சவூதியில், யான்பு ரிஃபைனரியில் டெக்னீஷியன். வருஷத்துக்கு ஒருமுறைதான் எங்களோடு இருப்பார். அவர் சட்டையையும் என் கோட்டையும் ஜெனி மடித்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளை சட்டைக்குப் பித்தான் ஒரு பக்கம், பொம்பிளை சட்டைக்கு மறுபக்கம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சட்டையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

குழுவில் எழுதினாள்: ‘போர்ட்டருடைய கோட்டில் பித்தான் என் அம்மா பக்கம் இருக்கிறது, அப்பா பக்கம் இல்லை. ஸ்லைடை மாற்றி வைத்து ஸ்கேன் செய்துவிட்டார்களோ?’

யாரோ படத்தைப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். குன்று வலப்பக்கம் வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஊர் பெயரைச் சொல்லிவிட்டார். அவருடைய அத்தை ஊர். மூன்று வாரமாகத் தினமும் அந்தப் படத்தைப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

பெரில் மன்னிப்புக் கேட்டார். ஸ்லைடில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதில் தனக்கு எப்போதும் குழப்பம் என்றார். அன்றிலிருந்து குழுவில் ஜெனிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். ஸ்லைடு எதையாவது பார்த்துக் குழம்பினால், ‘பித்தானைப் பார்த்தீர்களா?’ என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள்.

ஆன்றோவுக்கு ஒரே பெருமை. யான்புவில் அவர் ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும். அடுத்த லீவுக்கு வரும்போது ஜெத்தாவில் ஷரஃபியா கடைத்தெருவில் ஒரு வாட்ச் வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளை முகப்பு, பெரிய எண்கள், பழைய ஸ்டேஷன் கடிகாரம் மாதிரி. ஏர்போர்ட்டில் எங்களைக் கண்டவுடனேயே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதை அவள் கையில் கட்டிவிட்டார்.

வடக்கே

இந்தப் புது வருஷத்தில் குழுவில் ஒருவர், அவரவர் வாழ்க்கையில் முதல்முதலாக எடுத்த ரயில் படத்தைப் போடும்படி கேட்டார். பத்து வயதில் எடுத்தது, அப்பாவின் கேமராவில் எடுத்தது, தலை வெட்டுப்பட்டது, கை ஆடியது என்று வந்து குவிந்தன. ஜெனியிடம் ஒன்று கூட இல்லை. மெட்ரோவைப் படமெடுக்கச் சொன்னேன். அதில் டிரைவர் கூட இல்லை என்றாள்.

இங்கே பாலைவனத்தில் ஒரு சரக்கு ரயில் ஓடுகிறது. எங்களை டியூட்டிக்கு ஏற்றிப்போகும் கார் லிஃப்ட் முருகேசன் அதைப் பார்த்திருக்கிறார். பேராவூரணிப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமைகளில் ஷார்ஜாவுக்கு அந்தப் பக்கம் இரண்டு நர்சுகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு பாலத்துக்கு அடியில் அது போகும், நாலு மணி வாக்கில் என்று ஜெனியிடம் சொல்லியிருந்தார். அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஜெனி என்னை மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும், அப்பா லீவில் வரட்டும் என்றேன்.

நான் படத்தை அனுப்பிவிட்டு முருகேசனைக் கூப்பிட்டேன். ஒரு பார்வையிலேயே அடையாளம் சொல்லிவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாலத்தச் சொன்னது நாந்தான் சிஸ்டர். பாப்பா கேட்டுச்சு, வெள்ளந்தியா சொல்லிட்டேன். தனியா கெளம்பிரும்னு நெனைக்கல.”

போகும் வழியில் ஆன்றோவைக் கூப்பிட்டேன். அவர் டியூட்டியில் இருந்தார். என்னால் கோவையாகப் பேச முடியவில்லை. கரையாத ஜெசி, கரையாத என்று என்னிடம் சொல்லிக்கொண்டேயிருந்தார். எங்கள் ஊரில் அழாதே என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். பிறகு அவர் குரலே உடைந்தது. போலீசையும் கூப்பிட்டேன். பொறுமையாகப் பேசிய ஒரு பெண், ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்.

காரிலிருந்தபடியே குழுவில் எழுதினேன். நான் ஜெனியின் அம்மா, அவளைக் காணவில்லை, இந்தப் படம் மட்டும்தான் இருக்கிறது என்று.

அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. யாரும் அனுதாபம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. உடனே வேலையில் இறங்கினார்கள். ஒருவர் ஜெனிக்கும் பாலத்துக்கும் இடையே உள்ள வேலிக் கம்பங்களை எண்ணினார். ஒரு மைலுக்கு மேல் இருக்காது என்றார். ஒருவர் வெயிலைப் பார்த்தார். மாலை வெயில் நேராக முகத்தில் விழுகிறது, ஆகவே அவள் பாதைக்கு மேற்கே நிற்கிறாள், படம் கிழக்கைப் பார்த்து எடுத்தது என்றார். கிழக்கைப் பார்த்த படத்தில் வலப்பக்கம் தெற்கு. பாலம் வலப்பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் பாலம் அவளுக்குத் தெற்கே. அவள் பாலத்துக்கு வடக்கே.

பத்துப் பன்னிரண்டு பேர் சரிபார்த்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. முருகேசனும் ஸ்டீரிங்கில் விரலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, கரெக்டுதான் என்றார்.

போலீஸ் அம்மா மறுபடி அழைத்து எந்தப் பக்கம் என்று கேட்டபோது, வடக்கு என்று நானே என் வாயால் மூன்று தடவை சொன்னேன்.

பாலத்தை அடைந்தபோது ஐந்தரை. மேற்குப் பக்கம் இறங்கி, வேலியோரமாக வடக்கே போகும் மண்பாதையில் காரை விட்டார் முருகேசன். கொஞ்ச தூரத்தில் சக்கரம் மணலில் புதைந்து சுற்றியது. காரை ஒருவழியாகப் பின்னால் எடுத்துக் கெட்டித் தரையில் விட்டுவிட்டு நடந்தோம். கிளினிக் செருப்போடு நடந்தேன். காற்று குளிர்ந்திருந்தது. ஒரு மைல் தாண்டினோம். கத்திக் கூப்பிட்டால் சத்தம் மணலில் விழுந்து அப்படியே செத்துப்போனது. ஒரு காலடித்தடம் கூட இல்லை.

காலடித்தடம் இல்லை என்பதைக் கண்டபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. யாரோ அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அதற்குமேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எந்தக் கை

அப்போது போனில் பெரிலின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. காலையிலிருந்து கண் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போய், இப்போதுதான் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்கப் பேசினார். அதை இன்னும் நான் அழிக்கவில்லை.

“எனக்கு ரயில் தெரியாது, திசையும் தெரியாது. ஆனால் படத்தைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பழக்கப்பட்டவள் நான். ஸ்லைடுதான் திரும்பும், போன் படம் திரும்பாது என்று இவர்கள் நம்புகிறார்கள். என் பேத்தி தன்னைத் தானே எடுக்கும் படமெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித்தான் வருகிறது. ஜெனி கையில் வாட்ச் தெரிகிறது பாருங்கள். அவள் எந்தக் கையில் கட்டுவாள்?”

படத்தைப் பெரிதாக்கினேன். படத்தில் வாட்ச் வலது கையில் இருந்தது. அவள் இடது கையில் கட்டுகிறவள் என்றால் படம் பக்கம் மாறியிருக்கிறது, பாலம் அவளுக்கு வடக்கே, அவள் தெற்கே.

எந்தக் கையில் கட்டுவாள்?

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்நியர்களின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறேன். என் மகள் எந்தக் கையில் வாட்ச் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. டியூட்டியில் நாங்கள் கையில் வாட்ச் கட்டக்கூடாது, சட்டையில் குத்திக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கையையே பார்க்கத் தோன்றாமல் போனதோ என்னவோ. கண்ணை மூடி அவளை நினைத்தேன். இடது கையிலும் தெரிந்தது, வலது கையிலும் தெரிந்தது.

போனில் இருந்த மற்ற படங்களைத் தள்ளிப் பார்த்தேன். வாட்ச் தெரிந்த எல்லாவற்றிலும் வலது கை. எல்லாமே அவளே தன்னை எடுத்து எனக்கு அனுப்பியவை. நான் அவளை எடுத்த படம் என்று, அந்த வாட்ச் வந்த பிறகு, ஒன்று கூட இல்லை.

ஆன்றோவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். வடக்கே அவள் இல்லை என்பதையும் பெரில் கேட்டதையும் சொன்னேன். எந்தக் கையா என்று திருப்பிக் கேட்டார்.

“இடது கை. நாந்தான கட்டிவிட்டேன், ஏர்போர்ட்டுல. இடது கைதான் ஜெசி. தெக்க போ. உடனே திரும்பு.”

அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். முருகேசனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சூரியன் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை திரும்பி வர நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“யல்லா சிஸ்டர்,” என்றார்.

கார் வரை ஓடினோம். பாலத்தருகே ரோந்து வண்டி அப்போதுதான் வந்து நின்றது. முருகேசன் இறங்கி ஓடி, அரைகுறை அரபியும் இந்தியும் கலந்து, “நார்த் மாஃபி, பாய், சவுத், சவுத்” என்று, வடக்கில் இல்லை, தெற்கே என்பதாகக் கையைக் காட்டினார். அந்த இளம் போலீஸ்காரர் மறு கேள்வி கேட்கவில்லை. எங்கள் இருவரையும் தன் பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ரெண்டு என்ஜின்

பாலத்திலிருந்து தெற்கே ஒரு மணல்மேட்டின் பின்னால் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குழுவில் ஒருவர் வேலிக் கம்பத்தை எண்ணிச் சொன்னாரே, அந்தத் தூரத்தில் பெரிய பிசகில்லை.

வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மண். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. வலது கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. சேர்த்து வைத்த காசில் டாக்ஸி பிடித்துப் பாலத்தில் இறங்கி, வேலியோரமாக நடந்து வந்து, ஒரு பாறைமேல் ஏறி நின்றிருக்கிறாள். வண்டி தூரத்தில் தெரிந்த அதே நேரத்தில் போனில் சார்ஜ் போய்விட்டது. அதைப் பார்க்கக் குனிந்தவள் சறுக்கி விழுந்திருக்கிறாள். எழுந்து நிற்க முடியவில்லை. பாலத்தை நோக்கித் தவழ்ந்து பார்த்திருக்கிறாள். முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

நான் அம்மாவாக ஓடிப்போய் நர்சாகக் குனிந்தேன். எலும்பை அழுத்திப் பார்த்தேன். விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தாள். முறிவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அம்மா, ரெண்டு என்ஜின்,” என்றாள் ஜெனி. “ரெண்டு என்ஜின் இழுத்துட்டுப் போச்சு. போட்டோ எடுக்கல. பட் எல்லா வேகனும் எண்ணிட்டேன்.”

அப்புறம்தான் அழுதாள். போலீஸ்காரர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். முருகேசன் கொஞ்சம் தள்ளிப்போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்று, வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் வரும்போது அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வாட்ச் இடது கையில்தான் இருந்தது. கண்ணாடி கீறியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது.

பெரிலுக்கு முதலில் சொன்னேன். குழுவில் அவரே எழுதினார். மறுநாள் ஜெனி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததை எழுதிப் போட்டாள், தன்னிடம் படம் இல்லை என்ற வருத்தத்தோடு. எண்பது வயது மனிதர்கள் அந்த இல்லாத படத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு என்ஜினும் முன்னால் இருந்தனவா, ஒன்று பின்னால் தள்ளியதா? விளக்கு எரிந்ததா? வேகன்கள் மூடியவையா, திறந்தவையா? டிரைவர் கையசைத்தாரா? கையசைத்தார் என்றாள். அதைக் குறித்துக்கொண்டார்கள். வடக்கு என்று முதலில் கணக்குப் போட்டவர் என் பெயருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். பித்தானைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

யான்புவிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆன்றோ வந்தார். எமர்ஜென்சி லீவு கேட்டு, ஜெத்தா வழியாக ஃபிளைட் பிடித்து, முருகேசன் காரில் வந்து இறங்கினார். ஒரு கைப்பை மட்டும்தான். இரண்டு நாள் தாடி.

ஜெனி பயந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் பயந்தேன். அவளைத் தனியாக விட்டதற்கு என்னைத்தான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் ஷூவைக் கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்க் கட்டிலில், அவள் கால் படாமல் பார்த்து உட்கார்ந்தார். வீக்கத்தைப் பார்க்கவில்லை. அவள் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, வாட்சைத் தொட்டு, அதை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்.

நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அது ஆறிக்கொண்டிருந்தது. முருகேசன் வாசலிலேயே நின்றார்.

டீயை எடுக்காமலே ஆன்றோ என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு அன்னிக்கு ஞாபகம் இல்ல ஜெசி,” என்றார். “எவ்வளவு யோசிச்சும் ரெண்டு கையும் ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது. நீ அங்க மணல்ல நிக்க. யாராவது ஒரு பக்கம் சொல்லணும்லா. அதான் சொன்னேன்.”